கண்டி மாநகரும் அதன் சிறு கடைகளும்

கண்டி மாநகரைப் பற்றி எழுந்த வரலாற்று நூல்களைப் புரட்டுவோர் அரசர்களையும் பிரதானிகளையும் தேசாதிபதிகளையும் அவற்றில் நிறையக் காண்பர். தலதா மாளிகையின் சிறப்பும், வாவியின் எழிலும், பெரஹராவின் பொலிவும் அங்கே விரித்துரைக்கப்பட்டிருக்கும். ஆயினும் அந்நகரத்தாருக்கு அரிசியும் உப்பும் புடவையும் விற்ற சிறு கடைக்காரரைப் பற்றி ஒரு பக்கம் தேறுவதும் அரிது. அவர் கல்வெட்டுப் பொறித்தவரல்லர், செப்பேடு வரைந்தவருமல்லர். அவர் தம் வாழ்நாளில் எழுதிய நூல் ஒன்றே ஒன்றுதான். அது கடன் கொப்பி. அந்தக் கொப்பிகளோ கறையானுக்கும் கடை அடைப்புக்கும் இரையாகிப் போயின.

நேயர்களே, அந்தக் கடைக்காரரின் வரலாற்றையே இன்று பேசப் புகுந்தோம். கண்டியின் சிறு கடைகள் எத்தனை முறை தம் இடத்தைவிட்டுப் பெயர்க்கப்பட்டன, எவற்றைப் பற்றிக்கொண்டு மீண்டன, நிலத்தின் விலை நாளுக்கு நாள் ஏறிவரும் இக்காலத்தில் அவை நிலைபெறுவதற்கு வழி உண்டா என்பனவே நம் வினாக்கள்.

1660ஆம் ஆண்டில் கண்டி மன்னனிடம் சிறைப்பட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டில் வாழ்ந்து, 1679இல் தப்பிச் சென்றவர் றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர். 1681இல் வெளிவந்த அவருடைய நூலில், நாட்டுப்புறத்தில் சந்தைகள் இல்லை என்றும், நகரங்களில் மட்டும் சில கடைகள் உண்டு என்றும் கூறுகின்றார். புடவை, அரிசி, உப்பு, புகையிலை, சுண்ணாம்பு, மருந்துச் சரக்கு, பழம், வாள், உருக்கு, பித்தளை, செம்பு ஆகியவை அங்கே விற்கப்பட்டன என அவர் தரும் பட்டியலைப் படிக்கும்போது, நம் காலத்துப் பலசரக்குக் கடை ஒன்றின் வாசலில் நிற்பதுபோலவே தோன்றுகின்றது. வாள் ஒன்றுதான் இப்போது குறைவு.

இச்சரக்குகளை மலைக்கு ஏற்றிவந்தவை ‘தவளம்’ எனப்பட்ட பொதி மாட்டுக் கூட்டங்கள். கரையோரத்திலிருந்து உப்பும் கருவாடும் புடவையும் மேலேறின. மலையிலிருந்து பாக்கும் மிளகும் ஏலமும் கீழிறங்கின. இவ்வாணிகத்தில் முஸ்லிம்கள் பெரும்பங்கு கொண்டிருந்தனர். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து அவர்களை வெளியேற்றியபோது செனரத் மன்னன் அவர்களுக்குத் தஞ்சம் அளித்தான் என்பது வரலாறு. ஆதலின், கண்டி நாட்டுக் கடைத்தெருவுக்குக் கால்கோள் இட்டவர்களிற் பலர், ஓரிடத்திலிருந்து துரத்தப்பட்டு மற்றோரிடத்தில் ஒதுங்கியவர்களே ஆவர். இதனை நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

தமிழரும் தெலுங்கரும் நாயக்க மன்னர் காலத்தில் இந்நகரிற் பெருகினர். 1739இல் ஸ்ரீ விஜய ராஜசிங்கன் முடிசூடியதிலிருந்து 1815இல் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முடியிழந்தது வரை அரசகுலத்தின் உறவினர் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்து குடியேறினர். அவர்கள் வாழ்ந்த வீதிக்கு மலபார் வீதி என்று பெயர் நிலைத்தது. கடைசி மன்னன் வாவியை வெட்டுவித்து, தெருக்களை நேர்கோட்டில் அமைத்து, நகரைப் புதுக்கினான். தேவேந்திர மூலாச்சாரி என்னும் சிற்பி அதற்குத் துணைநின்றான். நகர் அழகு பெற்றது. வாவி வெட்டிய குடிகளோ வேலைப்பளுவால் நொந்தனர். 1815ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆந் தேதி உடன்படிக்கை கையொப்பமாயிற்று. மறுவருடம் மன்னன் வேலூருக்கு அனுப்பப்பட்டான், உறவினரும் நாடுகடத்தப்பட்டனர். மலபார் வீதி இருந்தது. அதற்குப் பெயர் கொடுத்தவர்கள் இல்லை. வீதியின் பெயர் நிற்க, ஆட்கள் மறைவதென்னும் கதை கண்டியில் அன்று தொடங்கியது.

ஆங்கிலேயர் காலத்து மாற்றத்தைப் படையைக் கொண்டு அளப்பதைவிடச் சாலையைக் கொண்டு அளப்பதே தகும். கொழும்பிலிருந்து கடுகண்ணாவைக் கணவாய் வழியே சாலை வெட்டப்பட்டதும் தவளத்தின் காலம் முடிந்து, மாட்டு வண்டியின் காலம் பிறந்தது. கோப்பித் தோட்டங்கள் பெருகின. மன்னாரிலிருந்து தம்புள்ளை, மாத்தளை வழியாகத் தென்னிந்தியத் தொழிலாளர் நடந்து வந்தனர். அவர்களுக்கு அரிசியும் கம்பளியும் விற்கக் கடைகள் எழுந்தன. 1865இல் கண்டிக்கு மாநகர சபை வந்தது. 1867இல் புகையிரதம் வந்தது. அதனால் சாலை வழி வண்டிப் போக்குவரத்துச் சுருங்க, வண்டிக்காரரை நம்பி வழிநெடுகிலும் இருந்த சாப்பாட்டுக் கடைகளின் வாணிகமும் உடன் சுருங்கிற்று. வசதி ஒன்று வரும்போதெல்லாம் அதற்கு முந்திய வசதியை நம்பி வாழ்ந்தவர் ஒருவர் ஓரமாய்த் தள்ளப்படுகின்றார். புகையிரதம் வேண்டாமென்று எவரும் சொல்லமாட்டார். தள்ளப்பட்டவரை எவரும் எண்ணிப் பார்த்ததுமில்லை.

1869ஆம் ஆண்டிலிருந்து கோப்பி இலையைப் பற்றிய நோய் அத்தொழிலை அழித்தது. தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884ஆம் ஆண்டு மே மாதம் கதவடைத்தது. அந்நாளில் வங்கிகளே தாளில் பணம் அச்சிட்டு வழங்கின. ஆகவே வங்கி மூடியதும் மக்கள் கையிலிருந்த தாள்கள் வெறுந்தாளாகும் நிலை வந்தது. பெருந்துரைமாருக்கு வேறு சொத்து இருந்தது. நாட்கூலிக்காரரிடமிருந்து அத்தாளை வாங்கிப் பெட்டியிலிட்ட சில்லறைக் கடைக்காரருக்கு என்ன இருந்தது? அப்பொழுது தேசாதிபதி சேர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று உறுதியளித்தார். பிறகு தாள் நாணயம் வெளியிடுவதை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. ஒரு சட்ட உறுதி தக்க வேளையில் கிடைத்ததால் ஆயிரக்கணக்கான சிறியோர் பிழைத்தனர் என்பதற்கு நம் நாட்டு வரலாற்றில் இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

கடைக்கு முதல் எங்கிருந்து வந்தது என்பதும் கேட்கத்தக்க வினா. ஆங்கிலேய வங்கிகள் சிறு கடைக்காரரை வாசலிலே ஏற்றவில்லை. அவ்வங்கிகளிடம் கடன் பெற்று, அதனைச் சிறு கடைகளுக்குப் பிரித்துக் கொடுத்தவர்கள் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். வட்டி கடுமையானதென்ற குறை எழுந்தது உண்மை. ஆயினும் வேறு கதவு எதுவும் திறந்திருக்கவில்லை என்பதும் உண்மை. 1925ஆம் ஆண்டு செட்டியார் நிறுவனமொன்று முறிந்ததன் பின் வங்கிகள் தம் கையைச் சுருக்கின. அடுத்து உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1934இல் இலங்கை வங்கி ஆணைக்குழு இந்நிலையை ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றியது. அதன் முன் ஒரு தலைமுறைக் கடைக்காரர் முதலின்றித் தவித்தனர்.

தீயைப் பற்றியும் சொல்லாமல் போகலாகாது. 1915ஆம் ஆண்டு மே மாதம் 28ஆந் தேதி வெசாக் இரவில் கண்டியில் காசில் ஹில் தெருப் பள்ளிவாசலருகே மூண்ட கலவரம் பல மாகாணங்களுக்குப் பரவியது. அரசாங்கக் கணக்கின்படி சூறையாடப்பட்ட முஸ்லிம் கடைகள் 4,075. போர்க்காலத்து விலையேற்றத்தால் மக்களுக்குக் கடைக்காரர்மேல் எழுந்த கசப்பும், வாணிகப் போட்டியும் சமயப் பூசலோடு கலந்தன என ஆராய்ச்சியாளர் காட்டுவர். அதே ஆண்டில் நட்டஈடு வழங்க ஒரு சட்டம் இயற்றப்பட்டு, மதிப்பீட்டாளர் நியமிக்கப்பட்டனர். அந்த நட்டஈட்டை வசூலித்த முறை வேறு மனத்தாங்கல்களை விளைத்ததாயினும், எரிந்த கடைகளிற் பல மீண்டும் எழுந்தன.

1983 ஜூலையில் தமிழர் கடைகள் எரிந்தன. கண்டி நகரின் கடைவீதிகளும் அதற்கு விலக்காகவில்லை. சேதமுற்ற சொத்துக்களை அரசாங்கம் ஓர் அதிகார சபையின் கீழ்க் கொண்டுவந்தது. சொந்தக் கட்டடம் வைத்திருந்தவர் அச்சபையின் படிக்கட்டுகளில் ஏறியிறங்கியேனும் தம் உரிமையைக் கேட்க முடிந்தது. வாடகைக்கு இருந்து, சரக்கும் சுவரும் ஒருங்கே சாம்பலாகக் கண்டவர், எதைக் காட்டி எதைக் கேட்பார்? பலர் வடக்கே போயினர். பலர் கடல் கடந்தனர். அதற்கு முன்னரே, 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆந் தேதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி, இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குச் செல்லவேண்டியவராகக் கணிக்கப்பட்டிருந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளர். மலைநாட்டுப் பட்டணங்களில் முடிவெட்டியும் துணிவெளுத்தும் தேத்தண்ணீர் விற்றும் பிழைத்தோரும் அவர்களிடையே இருந்தனர்.

நகரைச் சூழ்ந்த ஊர்களிலும் இதே கதைதான். மகாவலித் திட்டத்தின்கீழ்க் கட்டப்பட்டு 1985இல் திறக்கப்பட்ட விக்டோரியா அணையின் நீர், பழைய தெல்தெனியப் பட்டணத்தை மூடிற்று. மேட்டுநிலத்தில் புதிய தெல்தெனியா எழுந்தது, திகனையும் வளர்ந்தது. கோடை கடுமையான ஆண்டுகளில் நீர் வற்றும்போது பழைய கட்டடங்களின் சுவர்கள் வெளியே தெரியும். மக்கள் கூட்டமாய்ச் சென்று பார்ப்பர். கடையைப் புதிய இடத்திற்கு எடுத்துச் செல்லலாம். கடைக்கு வந்துபோன வாடிக்கையாளரையும் வழிப்போக்கரையும் அவ்வாறு எடுத்துச் செல்லுதல் எளிதன்று. ஒவ்வொருவர் பேரிலும் பற்று எழுதிக் கடன் கொடுத்து, மாதச் சம்பள நாளன்று வரவு வைத்த கடைக்காரருக்கு, அவ்வாடிக்கையாளர் நாலு திக்கிலும் சிதறியபின் கொப்பியில் எஞ்சுவது பெயர்கள் மட்டுமே. இப்புதிய ஊர்களிலே 2018ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் மீண்டும் கடைகள் எரிந்தன. நாடெங்கும் அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. நீர் ஒரு தலைமுறையில், தீ மறு தலைமுறையில்.

இனி, நீரும் தீயும் இல்லாமலே நிகழும் பெயர்ச்சியைப் பார்ப்போம். லண்டன் மாநகரில் எளிய தொழிலாளர் வாழ்ந்த பேட்டைகளில் வசதி படைத்தோர் குடியேற, வாடகையும் விலையும் உயர, பழைய குடிகள் வெளியேறுவதைக் கண்ட ரூத் கிளாஸ் என்னும் சமூகவியல் அறிஞர் 1964இல் அதற்கு ‘ஜென்ட்ரிஃபிகேஷன்’ என்று பெயரிட்டார். கனவான்கள் வந்து புகுதல் என்பது அதன் கருத்து. குடிமனைகளுக்கு நேர்வது கடைகளுக்கும் நேர்கின்றது. கலகமில்லை, கல்லெறியில்லை, குத்தகை முடிந்தது, புதிய வாடகை இது என்றொரு கடிதம் வரும். கடைக்காரர் இரண்டு நாள் தூங்காமல் கணக்குப் பார்ப்பார். பிறகு அலுமாரிகளை விற்றுவிடுவார். பத்திரிகையில் செய்தி வராது.

இத்தகைய பெயர்ச்சிக்கு நம் நாட்டில் நீண்ட காலம் தடையாய் நின்றது வாடகைச் சட்டம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வாடகைக்கு வரம்பு கட்டிற்று. போர் கண்டியையும் தொட்டது. 1944இல் மௌண்ட்பேட்டன் பிரபு தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்தைப் பேராதனைக்கு மாற்றியபோது, படையினரும் அதிகாரிகளும் வந்து நிறைந்த சிறு நகரில் இடம் எவ்வளவு அருமையாகியிருக்கும் என்பதை நேயர்கள் ஊகித்துக்கொள்ளலாம். பின்னர் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டமும் வந்தன. வாடகை ஒழுங்காய்ச் செலுத்துபவரைச் சட்டத்தில் கூறிய காரணமின்றி வெளியேற்ற முடியாது. வாடகைக்காரர் இறந்தால் தொழிலைத் தொடரும் வாரிசு அவ்விடத்தில் இருப்பதற்கும் வழி வைக்கப்பட்டது. குடியிருப்புக்கு மட்டுமன்றி வாணிக இடங்களுக்கும் இப்பாதுகாப்பு இருந்தது என்பதே நமக்கு முக்கியம். தையற்காரரும் கடிகாரம் திருத்துபவரும் நாட்டு மருந்து விற்பவரும் கண்டியின் நடுவீதிகளில் மூன்று தலைமுறை இருந்ததற்கு அவர்களுடைய திறமை ஒரு காரணம். இந்தச் சட்டம் மறு காரணம். இரண்டாவது காரணத்தை நாம் எளிதில் மறந்துவிடுகின்றோம்.

கட்டட உரிமையாளரின் நியாயத்தையும் கேட்கவேண்டும். வாடகை அப்படியே நிற்க, ஓட்டின் விலையும் கொத்தனின் கூலியும் வரியும் பலமடங்காயின. வருமானம் தராத கூரையை எவர் மாற்றுவார்? உரிமையாளர் திருத்தவில்லை; தமதல்லாத கட்டடமாதலின் கடைக்காரரும் திருத்தவில்லை. ஒழுகும் கூரையின்கீழ் இருவரும் வழக்காடினர். ‘கீ மணி’ என்று கடைத்தெருவில் வழங்கும் பெருந்தொகை சட்டத்துக்குப் புறம்பாகக் கைமாறியதும் இதனால்தான். 2002ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தத்தின் பின் புதிதாக வாடகைக்கு விடப்படும் இடங்கள் இச்சட்டத்தின் பிடிக்கு வெளியே சென்றன. 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டமோ குத்தகைக்கு விட்ட இடத்தை உரிமையாளர் விரைவாக மீட்க வழி செய்தது. ஆகவே இன்று கண்டியின் ஒரே தெருவில் இருவகைக் கடைக்காரர் அடுத்தடுத்து இருக்கின்றனர்: ஒருவருக்குப் பழைய சட்டத்தின் நிழல், மற்றவருக்கு ஒப்பந்தம் முடியும் தேதி.

சில ஆண்டுகளின் முன் எம் பாடசாலையின் உயர்வகுப்பு மாணவரை ஒரு தெருவுக்கு அனுப்பி, கடைகளின் வரலாற்றைக் கேட்டு எழுதிவரச் செய்தேன். எந்த ஆண்டு தொடங்கியது, யார் தொடங்கினார், என்ன விற்கின்றீர் என்பன மாணவர் தாமே அமைத்த வினாக்கள். ஒரு மாணவி மட்டும், ஏன் என்று தெரியவில்லை, “இந்தக் கடை யாருடையது ஐயா?” என்று கேட்டிருக்கின்றாள். முதிய கடைக்காரர் ஒருவர் விடை சொல்லியிருக்கின்றார்: “கடை என்னுடையது பிள்ளை. கதவுக்கு வெளியே இருக்கிற பெயர்ப்பலகையும் என்னுடையது. சுவரும் நிலமும் வேறு ஆளுடையவை.” நான் அந்த விடையை வகுப்பில் இரண்டு முறை வாசிக்கச் சொன்னேன். கடையின் வரலாறு வேறு, கடை நிற்கும் நிலத்தின் வரலாறு வேறு என்பதை இதனினும் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது.

1988ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் கண்டி புனித நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. பழைய கட்டடங்களின் முகப்பைச் சிதைக்கலாகாது, உயர்ந்த கட்டடம் எழுப்பலாகாது என விதிகள் வந்தன. நல்ல விதிகளே. ஆயினும் அவை மரத்தூணைக் காக்கும். தூணுக்குப் பின்னால் அமர்ந்து நூல் கோத்தவரைக் காக்கமாட்டா. பழைய தையற்கடையின் முகப்பு அப்படியே இருக்க, உள்ளே பயணிகளுக்கான கோப்பி நிலையமோ கைப்பேசிக் கடையோ வரலாம். மரபுரிமை விதி எதுவும் மீறப்பட்டதாகாது. முகப்பு அழகாகும்தோறும் அதன் வாடகை ஏறுமென்பதால், அவ்விதிகளே ஒருவகையில் கடைக்காரரை நெருக்கவும் கூடும். 1998 ஜனவரி 25இல் தலதா மாளிகை குண்டுத் தாக்குதலுக்கு உள்ளானபின் மாளிகையின் முன்னுள்ள வீதியில் வாகனப் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. நகரின் நெரிசல் ஏனைய கடைத்தெருக்களுக்கு மாறிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தலதா வீதியில் பல மாடிப் பேரங்காடியும் எழுந்தது. குளிரூட்டிய அந்த மாடிகளில் இடம் பெறுவதற்கு வேண்டிய பணம் எவ்வகைக் கடைக்காரரிடம் இருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

அதே 1988இல் காலிக் கோட்டையும் உலக மரபுரிமையாயிற்று. 2002இல் வெளிநாட்டார் நிலம் வாங்குவதன் மேலிருந்த நூறு வீத வரி நீக்கப்பட்டது; 2004இல் மீண்டும் விதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் கோட்டைக்குள் பல பழைய வீடுகள் கைமாறி, விடுதிகளும் ஆடம்பரக் கடைகளுமாயின. அங்கே விற்றவர் சொந்தக்காரர். ஊரைவிட்டுப் போனாலும் விலையைப் பெற்றுக்கொண்டே போனார். வாடகைக் கடைக்காரர் போகும்போது கையில் விலையும் இராது. உரிமையில்லாதவருக்கு விலையேற்றம் ஒரு கேடு. உரிமையுடையவருக்கு அது ஒரு தெரிவு. இவ்வேறுபாட்டைக் கலந்து பேசுவதால்தான் நம் விவாதங்கள் பல முடிவின்றிப் போகின்றன.

தமிழர் வாழும் மற்றொரு நகரத்தையும் பார்ப்போம். பினாங்குத் தீவின் ஜோர்ஜ் டவுன் நகரில், சூலியா தெருவையும் அதனருகே ‘குட்டி இந்தியா’ எனப்படும் பகுதியையும் அறியாத வாணிகத் தமிழர் இல்லை. மலேசியாவின் 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1948க்கு முன் கட்டப்பட்ட கட்டடங்களுக்குப் பொருந்திற்று. அச்சட்டத்தை ஒழிக்க 1997இல் தீர்மானித்து, 2000ஆம் ஆண்டு பிறந்ததும் பாதுகாப்பு முற்றாக நீங்கிற்று. ஆயிரக்கணக்கான பழைய கடைவீடுகளின் வாடகை ஒரே காலத்தில் எழுந்தது. தலைமுறையாய் இருந்த கைத்தொழிலாளரும் சில்லறை வாணிகரும் நகரின் உட்பகுதியை விட்டு வெளியேறினர். வெறுமையான வீடுகள் சிலவற்றில் உழவாரக் குருவிகளை வளர்த்து, சீனர் சூப்பு வைக்கும் அதன் கூட்டை விற்றனர். மனிதருக்கு வாடகை கட்டுப்படியாகாத வீடு குருவிக்குக் கட்டுப்படியானது விந்தையே. எட்டு ஆண்டுகளின்பின், 2008இல், அந்நகர் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்டது. வாழும் மரபு என்று புகழப்பட்டதன் ஒரு பகுதி அதற்குள் வாழ்விடம் இழந்திருந்தது. நம்மவர் அங்கிருந்து கற்கவேண்டியது சட்டத்தை என்றும் மாற்றாதிருக்கவேண்டும் என்பதன்று. மாற்றும்போது படிப்படியாக மாற்றவேண்டும், நடுவிலே ஒரு பாலம் வைக்கவேண்டும் என்பதுதான்.

அப்பாலத்தைப் பலவாறு கட்டியிருக்கின்றனர். இங்கிலாந்தில் 1954ஆம் ஆண்டின் சட்டமொன்று வாணிகக் குத்தகைக்காரருக்குக் குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும் உரிமையைக் கொடுத்தது. வாடகை சந்தை விலையில் இருக்கும், ஆனால் உரிமையாளர் சட்டத்தில் கூறிய காரணமின்றி மறுக்கமுடியாது. இரு தரப்பாரும் இதை விலக்கி ஒப்பந்தம் செய்துகொள்ளவும் இடமுண்டு. பாரிஸ் மாநகரம் 2004இல் தொடங்கிய திட்டத்தின்படி, தன் நிறுவனம் ஒன்றின் வாயிலாகத் தெருவோரக் கடையிடங்களை விலைக்கு வாங்கி, புத்தகக் கடை போன்றவற்றுக்கு வாடகைக்கு விட்டது. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரத்து வாக்காளர் 2015 நவம்பரில் ஒரு நிதியை ஏற்படுத்தினர். 30 ஆண்டு நிலைத்த கடைகள் பதிவேட்டிற் சேரலாம், பெயர்க்கப்படும் ஆபத்து இருந்தால் 20 ஆண்டு போதும். அந்நிதியின் நுட்பம் எனக்கு மிகப் பிடித்தது: கடைக்காரருக்கு மட்டுமன்றி, அவருக்குப் பத்தாண்டுக் குத்தகை கொடுக்கும் கட்டட உரிமையாளருக்கும் சதுர அடிக்கு 4.50 டொலர் வீதம் உதவித்தொகை வைத்தார்கள். நம் வாடகைச் சட்டம் பகைவராக்கிய இருவரை அது ஒரே பந்தியில் உட்கார வைத்தது.

பாரிசைப்போலக் கட்டடம் வாங்க நம் மாநகர சபையிடம் பணம் ஏது என்று கேட்பர். நியாயமான கேள்வி. ஆனால் கண்டி மாநகர சபை தானே ஒரு கடை உரிமையாளர் என்பதை மறக்கலாகாது. மத்திய சந்தையின் கடைகள் சபையினுடையவை. அவற்றின் குத்தகையை எத்தனை ஆண்டுக்குக் கொடுப்பது, எவ்வகைத் தொழிலுக்கு முதலிடம் தருவது, வேறிடத்தில் இடமிழந்த பழைய கடைக்காரரை ஏற்பதா என்பவை சபை தன் மேசையிலே தீர்மானிக்கக்கூடியவை. கட்டடம் திருத்த அனுமதி கேட்டு வருபவரிடம், திருத்தம் நடக்கும் மாதங்களில் உள்ளிருக்கும் கடைக்காரர் எங்கே போவார், திருத்தியபின் திரும்பி வருவாரா என்று ஒரு வரி கேட்கலாம். நீண்ட குத்தகை கொடுக்கும் உரிமையாளருக்குச் சபை வரியிற் சலுகை காட்டலாம். இவை பெருஞ் செலவு வைக்கும் காரியங்களல்ல.

கடைக்காரருக்கும் நகருக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதையன்று. நகரின் மணிக்கூட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். 1950 டிசம்பரில் திறக்கப்பட்ட அது, ஹாஜி இஸ்மாயில் என்னும் வணிகர் இறந்துபோன தம் மகனின் நினைவாகக் கட்டி ஊருக்களித்தது. அதன் அடியிலே பேருந்துக்கு நிற்பவர் அதைப் பார்த்துத்தான் நேரம் அறிந்தனர்.

செய்யவேண்டியவற்றுள் முதலாவது, யார் எங்கே எந்த உரிமையில் இருக்கின்றார் என்ற பதிவேடு. கட்டடங்களை அளந்து, படமெடுத்து, பட்டியலிட்டு வைத்திருக்கின்றோம். அவற்றினுள் நடக்கும் தொழில்களுக்கு அத்தகைய பட்டியல் வேண்டும். இதிற் காலத்தாழ்வு கூடாது. 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிழலில் எஞ்சியிருக்கும் வாடகைக்காரரிற் பலர் முதியவர். பிள்ளைகள் படித்து வேறு தொழிலுக்கோ வேறு நாட்டுக்கோ போய்விட்டனர். கடையைத் தொடர வாரிசு இல்லாவிடில், அவர் கண்மூடும் நாளில் பாதுகாப்பும் முடிகின்றது. அடுத்து வருபவர் திறந்த சந்தையின் வாடகையையே கொடுக்கவேண்டும். அக்கடையில் வேலை பழகிய பையன் ஒருவன் பெரும்பாலும் இருப்பான். தொழில் முழுவதும் அவனுக்குத் தெரியும். அவன் வாரிசும் அல்லன், பங்காளியும் அல்லன். முதியவர் உயிரோடிருக்கும்போதே எழுத்து மூலம் அவனைப் பங்காளியாக்கிக்கொண்டால், அவனுடைய நிலை எவ்வாறு மாறுமென்று ஒரு சட்டத்தரணியைக் கேட்பது நன்று. கண்டியில் நீதிமன்றத்தைச் சுற்றிச் சட்டத்தரணிகளுக்குக் குறைவில்லை.